பைத்தான் டுடோரியலைப் புது ரிலீஸுக்குத் தயார் செய்வது எப்படி?

பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.13 பதிப்பை நிறுவிவிட்டு ஒருவர் முதன்முறையாக இன்டர்பிரெட்டரை, அதாவது தட்டும் வரியை உடனே ஓட்டிக் காட்டும் நிரலை, திறக்கிறார். பக்கத்து ஜன்னலில் பைத்தானின் அதிகாரபூர்வப் பாடநூலான டுடோரியலின் எட்டாம் அத்தியாயம். அதில் சொன்னபடியே ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்துப் பார்க்கிறார். பிழைச் செய்தி வருகிறது, வரவேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் கோப்பின் பெயர் ‘எஸ்டிடிஇன்’ என்று இருக்கிறது; திரையில் ‘பைத்தான்-இன்புட்-0’ என்று வருகிறது. நமக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவருக்கோ சந்தேகம் வந்துவிடும்: நான் எதையாவது தப்பாக நிறுவிவிட்டேனோ? நூலும் திரையும் ஒத்துப்போகாதபோது, தப்பு நூலில் இருக்கலாம் என்று நினைக்கும் தைரியம் புதிதாகக் கற்பவருக்கு இருக்காது. தன் மேல்தான் பழியைப் போட்டுக்கொள்வார்.

அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் இந்த வேலை. 3.9-இலிருந்து பைத்தான் ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபரில், புதுப் பதிப்பை வெளியிடுகிறது. 3.13 வந்தது 2024 அக்டோபர் 7, 3.14 வந்தது 2025 அக்டோபர் 7. ஆகவே இந்த வேலையும் வருடா வருடம் இருக்கும். பைத்தானின் சி மூல நிரலைத் தொடவே தேவையில்லை என்பதால், ஓப்பன் சோர்ஸில் காலடி வைப்பவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைப்பது கஷ்டம். நான் செய்து பார்த்து, சில இடங்களில் சறுக்கி, கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

டுடோரியல் தனி இணையதளம் அல்ல. பைத்தானின் மூல நிரல் இருக்கும் அதே சிபைத்தான் (நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான்) களஞ்சியத்தில், ‘டாக்’ என்ற கோப்புறைக்குள் ‘டுடோரியல்’ என்ற கோப்புறையில் இருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் ஆர்எஸ்டி கோப்பு, எளிய குறிகள் இட்ட வெறும் உரை. கடைசிப் பின்னிணைப்பையும் சேர்த்து 16 அத்தியாயங்கள். இவற்றை வலைப்பக்கமாக மாற்றித் தருவது ஸ்பிங்க்ஸ் என்ற கருவி. பைத்தான் ஆவணங்களுக்காகவே பிறந்த கருவி அது; முன்பு எல்லாம் லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் இருந்தது, 2008-இல் வந்த 2.6 பதிப்போடு ஸ்பிங்க்ஸுக்கு மாறியது.

கிட்ஹப்பில் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து, அதாவது உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து, அதை உங்கள் கணினிக்குக் குளோன் செய்துகொள்ளுங்கள். ‘டாக்’ கோப்புறைக்குள் போய் ‘மேக் வென்வ்’ என்று ஒரு முறை கொடுத்தால் தேவையான கருவிகள் தனிச் சூழலில் வந்து உட்காரும். அப்புறம் ‘மேக் எச்டிஎம்எல்’. முதல் முறை கொஞ்சம் நேரம் எடுக்கும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அடுத்தடுத்த முறை மாறிய பக்கங்களை மட்டும் கட்டும் என்பதால் சீக்கிரம் முடியும். விண்டோஸ் என்றால் அதே கோப்புறையில் ‘மேக்’ என்ற பேட்ச் கோப்பு இருக்கிறது.

பக்கங்களைக் கட்ட மட்டும் புதுப் பைத்தான் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும், மிகப் பழசாக இல்லாத ஒரு பதிப்பு போதும். ஆனால் எடுத்துக்காட்டுகளைச் சரிபார்க்கப் புதுப் பதிப்புதான் வேண்டும். பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) நிறுவியை இறக்கிக்கொள்ளலாம், இல்லை குளோன் செய்த நிரலையே கம்பைல் செய்துகொள்ளலாம். இதைத் தவிர்த்துவிட்டுப் பழைய பைத்தானில் ஓட்டிப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று எழுதியவர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன்.

எப்போது தொடங்குவது?

பீட்டா 1 வரும் வரை பொறுங்கள். வழக்கமாக மே மாதம் வரும். அன்றோடு புது அம்சங்கள் சேர்ப்பது நின்றுவிடும். அந்தப் பதிப்புக்கென்று தனிப் பிராஞ்சும் (களஞ்சியத்தில் ஒரு கிளை) பிரியும். அதற்கு முன்னால் எழுதுவது மணலில் கோலம் போடுவது மாதிரி.

இதற்கு நல்ல உதாரணம் 3.10. ஃபங்ஷன்களில் எழுதும் வகைக் குறிப்புகள் இனி வெறும் எழுத்துச் சரங்களாகவே சேமிக்கப்படும் என்ற மாற்றம் அதில் இயல்பு நிலையாக வரவிருந்தது. 2021 ஏப்ரலில், பீட்டாவுக்குச் சில நாட்கள் இருக்கையில், அதைத் தள்ளிவைத்தார்கள். நாலாம் அத்தியாயத்தின் கடைசியை ஒட்டிய பகுதியில் வகைக் குறிப்புகளை அச்சிட்டுக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. முந்திக்கொண்டு அதைத் திருத்தியிருந்தால், திருத்தியதை மறுபடி பழையபடி ஆக்கியிருக்க வேண்டும். அந்த மாற்றம் சொன்ன வடிவில் கடைசிவரை வரவில்லை; 3.14-இல் வேறொரு தீர்வு வந்தது.

பதிப்பு எண்களைத் தேடுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்

எல்லோரும் முதலில் செய்வது இதுதான்: பழைய பதிப்பு எண்ணைத் தேடிப் புது எண்ணைப் போடுவது. இரண்டாம் அத்தியாயத்தில் இன்டர்பிரெட்டர் எந்தப் பாதையில் இருக்கும், திறந்ததும் என்ன வரவேற்பு வரி வரும் என்பதெல்லாம் இருக்கிறது. இந்த எண்களில் சிலவற்றை இப்போது ஸ்பிங்க்ஸின் அமைப்புக் கோப்பே நிரப்பிவிடுகிறது; கோப்பில் எண்ணுக்குப் பதில் இரண்டு நெட்டுக்கோடுகளுக்கு நடுவே ஒரு பெயர் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கையால் எழுதியவை மட்டும் உங்கள் வேலை.

இதில் 3.14-லிருந்து 3.15-க்குப் போகிறவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ‘3.14’ என்று தேடி மொத்தமாக மாற்றினால், ஐந்தாம் அத்தியாயத்தில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் பகுதியில் கணிதத்தின் பை (π) மதிப்பைச் சுருக்கிக் காட்டும் பட்டியலும், பதினைந்தாம் அத்தியாயத்தில் பையை இரண்டு தசம இடங்களுக்கு அச்சிடும் வரியும் சேர்ந்து மாறிவிடும். வட்டத்தின் சுற்றளவையே மாற்றிய பெருமை உங்களைச் சேரும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

மாற்றாமல் விடவேண்டியவையும் உண்டு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில், தனிச் சூழலைத் திறந்துகாட்டும் இடத்தில், 2016-ஐச் சேர்ந்த 3.5.1-இன் வரவேற்பு வரி பல ஆண்டுகளாக இருந்துவந்தது. பழசாகத் தெரியும், அவ்வளவுதான். படிப்பவர் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்யப்போவதில்லை. அங்கே சொல்ல வந்தது பிராம்ப்ட்டின் முன்னால் சூழலின் பெயர் வருகிறது என்பதுதான். அந்தப் பக்கத்தில் வேறு வேலை இருந்தால் சேர்த்து மாற்றுங்கள், அதற்கென்று தனியாக யாரையும் தொந்தரவு செய்யவேண்டாம் என்பது என் கருத்து.

புதுசு என்ன என்பதைவிட, எது பொய்யானது?

இதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி என்பேன். ஒவ்வொரு பதிப்புக்கும் ‘புதிதாக என்ன’ என்ற நீண்ட பக்கம் வரும். புதியவர்கள் அதை வைத்துக்கொண்டு ‘இதையெல்லாம் டுடோரியலில் சேர்க்கணும்’ என்று கிளம்புவார்கள். அதே பக்கத்தை நீங்கள் வேறு கேள்வியோடு படியுங்கள்: இதனால் டுடோரியலில் இப்போது இருக்கும் எந்த வாக்கியம் பொய்யாகிறது?

3.8-இல் வால்ரஸ் ஆபரேட்டர் வந்தது. கோலனும் சமக்குறியும் சேர்ந்த அந்தக் குறியால் ஒரு கோவைக்குள்ளேயே (மதிப்புத் தரும் நிரல் துண்டு) மதிப்பை வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் அத்தியாயத்தில் அதுவரை இருந்த வாக்கியம், சி மொழி போல் இல்லாமல் பைத்தானில் கோவைக்குள் மதிப்பு வைக்க முடியாது என்றது. சி எழுதுபவர்கள் முணுமுணுக்கலாம் என்று ஒரு சீண்டலும் கூடவே இருந்தது. வால்ரஸ் வந்ததும் அந்த வாக்கியம் பொய். திருத்தியவர்கள் வால்ரஸுக்கு ஒரு புதுப் பகுதி திறக்கவில்லை. அப்படி மதிப்பு வைப்பதானால் வால்ரஸைக் கொண்டு வெளிப்படையாக வைக்கவேண்டும் என்று அதே வாக்கியத்தை மாற்றினார்கள், முணுமுணுப்பை எடுத்தார்கள். முடிந்தது. ஒரு வரித் திருத்தம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நான் எல்லோருக்கும் இதைத்தான் காட்டுவேன்.

டிக்‌ஷனரி கதை இன்னும் பெரியது. சாவியும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் தொகுப்பு அது. டிக்‌ஷனரியில் போட்ட வரிசை அப்படியே இருக்கும் என்பது 3.6-இல் சிபைத்தானின் செயல்பாட்டு விவரமாக மட்டும் இருந்தது. 2018-இல் வந்த 3.7-இல் அது மொழியின் உத்தரவாதம் ஆனது. ஐந்தாம் அத்தியாயத்தில் தொலைபேசி எண்களை வைத்து ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜாக், சேப் என்று இரண்டு பேரோடு தொடங்கி, பிறகு கைடோவைச் சேர்த்து, அச்சிட்டுக் காட்டும். முன்பு அச்சில் சேப் முதலில், கைடோ அடுத்து, ஜாக் கடைசியில் என்று வந்தது. அப்படிக் கலைந்து வருவதே ‘இதில் வரிசை கிடையாது’ என்று படிப்பவருக்குச் சொல்லாமல் சொல்லிற்று. இப்போது ஜாக், சேப், கைடோ என்று போட்டபடியே வருகிறது.

அச்சை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. டிக்‌ஷனரி என்பது வரிசையற்ற தொகுப்பு என்று மேலே விளக்கத்தில் இருந்த சொல்லும் போகவேண்டும். சாவிகளின் பட்டியலைக் கேட்டால் ஏதோ ஒரு வரிசையில் தரும் என்று இருந்ததை, சேர்த்த வரிசையில் தரும் என்று ஆக்கவேண்டும். வரிசைப்படுத்திப் பார்க்க ‘சார்ட்டட்’ பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை மட்டும் அப்படியே நிற்கும். ஒரு மாற்றம் அச்சில் ஓரிடம், உரைநடையில் இரண்டு மூன்று இடம் என்று பரவியிருக்கும். அதே அத்தியாயத்தில் சற்று மேலே இருக்கும் செட் என்ற தொகுப்பு, இன்றும் வரிசை இல்லாததுதான். பழக்கதோஷத்தில் அதன் அச்சையும் ‘திருத்தி’விடாதீர்கள்.

தட்டிப் பாருங்கள், ஒட்டிப் பார்க்காதீர்கள்

‘மேக் டாக்டெஸ்ட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. எடுத்துக்காட்டுகளை ஓட்டி, பக்கத்தில் இருக்கும் விடையோடு ஒப்பிடும். கட்டாயம் ஓட்டுங்கள். ஆனால் அது பச்சை காட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள், இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை: உரைக்குப் பின் இரட்டைக் கோலன் போட்டுத் தொடங்கும் எடுத்துக்காட்டுகளை ஸ்பிங்க்ஸ் வெறும் நிரல் துண்டாகத்தான் பார்க்கும், ஓட்டாது. டுடோரியலில் பெரும்பாலானவை அந்த வகை. மேலே சொன்ன வகைக் குறிப்பு எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அச்சில் ‘ஹாம், ரிட்டர்ன், எக்ஸ்’ என்ற வரிசை, 3.7 வந்து பல ரிலீஸ் கழிந்தும் அப்படியே இருந்தது. ஓட்டிப் பார்த்தால் ‘ஹாம், எக்ஸ், ரிட்டர்ன்’ என்று வரும். டிக்‌ஷனரிகள் கலைந்து அச்சான காலத்தின் மிச்சம் அது. டிக்‌ஷனரி பகுதியைத் திருத்தியவர்கள் கண்ணில் வேறோர் அத்தியாயத்தில் இருந்த இது படவில்லை, சோதனையும் பிடிக்கவில்லை.

இரண்டாவது ஓட்டை: டாக்டெஸ்ட் ஒரு ட்ரேஸ்பேக்கை (பிழை எங்கே நேர்ந்தது என்று காட்டும் செய்தி) ஒப்பிடும்போது பிழையின் வகையையும் கடைசிச் செய்தியையும் மட்டும் பார்க்கும். நடுவில் இருக்கும் வரிகளைக் கண்டுகொள்ளாது. கடந்த சில பதிப்புகளில் மாறியதெல்லாம் அந்த நடு வரிகள்தான். 3.11-இலிருந்து பிழை எந்தத் துண்டில் என்று அலைக்கோடும் கூரைக்குறியும் போட்டுக் காட்டுகிறது. 3.13-இல் வண்ணமும் வந்தது. புது இன்டர்பிரெட்டரில் கோப்பின் பெயரும் மாறிப்போனது. சோதனைக்கு இதில் எதுவும் தெரியாது.

ஆக, ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, புதுப் பதிப்பின் இன்டர்பிரெட்டரைத் திறந்து, ஓர் அத்தியாயத்தைக் கையால் தட்டுங்கள். ஒட்டினால் தெரியாத விஷயங்கள் தட்டும்போதுதான் தெரியும். 3.13-இன் இன்டர்பிரெட்டர் பைபை என்ற இன்னொரு பைத்தான் செயலாக்கத்திடமிருந்து எடுத்துத் தழுவியது. முந்தைய பல வரித் துண்டை மேல் அம்புக்குறியால் மொத்தமாக மீட்டெடுக்கலாம், ‘எக்ஸிட்’ என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டினாலே வெளியேறிவிடும். இதற்கு முன் அப்படித் தட்டினால் ‘அடைப்புக்குறி போட்டு அழையுங்கள்’ என்று உபதேசம் வரும். டுடோரியலில் இன்டர்பிரெட்டரை எப்படி மூடுவது என்ற பத்தியைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, தொடக்கத்தில் சொன்ன ‘எஸ்டிடிஇன்’ பிரச்சினையை எப்படித் தீர்ப்பது? எல்லா இடத்திலும் ‘பைத்தான்-இன்புட்-0’ என்று மாற்றலாமா? நான் மாற்றமாட்டேன். அந்த எண் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் கூடிக்கொண்டே போகும். நூலில் 0 என்றிருக்க, திரையில் 7 என்று வரும். பழைய குழப்பத்துக்குப் பதில் புதுக் குழப்பம். ட்ரேஸ்பேக் முதலில் வரும் இடத்தில், கோப்பின் பெயர் உங்கள் திரையில் வேறாக இருக்கலாம் என்று ஒரு வாக்கியம் சேர்ப்பதே மேல்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

எட்டாம் அத்தியாயத்தில், பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ‘ஃபைனலி’ பற்றிய பகுதியில், ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கிறது. ‘ட்ரை’ பகுதி ட்ரூவைத் திருப்பித் தருகிறது, ‘ஃபைனலி’ பகுதி ஃபால்ஸைத் திருப்பித் தருகிறது. கூப்பிட்டால் ஃபால்ஸ் வரும். ஃபைனலியின் சொல்தான் கடைசிச் சொல் என்று காட்ட வந்த எடுத்துக்காட்டு.

3.14-இல், ஃபைனலிக்குள் இருந்து ரிட்டர்ன், பிரேக், கன்டினியூ வழியாக வெளியே குதித்தால் கம்பைலர் எச்சரிக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். பெப் 765 என்ற மாற்ற முன்மொழிவின்படி. இப்போது கற்பவர் அந்த ஃபங்ஷனைத் தட்டி முடித்த உடனேயே, கூப்பிடுவதற்கு முன்பே, ‘சின்டாக்ஸ் வார்னிங்’ ஒன்று வந்து நிற்கும். பக்கத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாவிட்டால் பயந்துபோவார்.

உங்கள் முன் மூன்று வழிகள். எடுத்துக்காட்டையே தூக்கிவிடலாம்; ஆனால் அந்த நடத்தை மொழியில் இன்னும் இருக்கிறது, பிறர் எழுதிய நிரலில் அவர் அதைச் சந்திப்பார். எச்சரிக்கை முழுவதையும் அச்சில் சேர்க்கலாம். அப்போது சொல்ல வந்த விஷயம் எச்சரிக்கைக்கு அடியில் புதைந்துபோகும். மூன்றாவது, எடுத்துக்காட்டை விட்டுவிட்டு, மேலே உள்ள விதியோடு இரண்டு குறுவாக்கியம் சேர்ப்பது: இது குழப்பம் தரும், ஆகவே தவிர்க்கவேண்டும், 3.14-இலிருந்து கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தரும். டுடோரியல் போனது இந்த மூன்றாவது வழியில். அதே விதி பிழைகளை விழுங்குவது பற்றிய புள்ளியிலும் வருவதால், வாக்கியம் இரண்டு இடத்திலும் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சேர்த்துவிட்டு இன்னோரிடத்தை மறப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

எதைச் சேர்க்கக் கூடாது

3.10-இல் ‘மேட்ச்’ வந்தபோது நாலாம் அத்தியாயத்தில் அதற்கு இடம் கிடைத்தது. நியாயம்தான், ‘இஃப்’பும் ‘ஃபார்’உம் இருக்கும் தெருவிலேயே குடியிருக்கும் விஷயம் அது. 3.14-இன் டெம்ப்ளேட் ஸ்ட்ரிங் அப்படியல்ல. நூலகம் எழுதுபவர்களுக்கு அது நல்ல கருவி. முதல் வாரத்தில், எழுத்துச் சரத்துக்குள் மதிப்புகளைச் செருகும் எஃப்-ஸ்ட்ரிங்கையே மெல்லக் கற்றுக்கொண்டிருப்பவர் முன்னால் அதைக் கொண்டுபோய் வைப்பது பந்தியில் உட்காரும் முன்பே பீடாவை நீட்டுவது போல.

இன்னும் கவனமாக இருக்கவேண்டியது, எழுதினால் பழைய பதிப்பில் ஓடாத புதுச் சலுகைகள். 3.14-இலிருந்து, பிழையைப் பிடிக்கும் ‘எக்ஸெப்ட்’டுக்குப் பின் பல பிழை வகைகளை அடைப்புக்குறி இல்லாமலே அடுக்கலாம், ‘ஆஸ்’ இல்லாத பட்சத்தில். 3.13 வைத்திருப்பவர் அதைத் தட்டினால் சின்டாக்ஸ் பிழைதான் வரும். அதைவிட மோசம், பைத்தான் 2-இல் அதே தோற்றத்துக்கு வேறு அர்த்தம்: கமாவுக்குப் பின் வருவது பிழையைப் பிடித்துவைக்கும் பெயர். பழைய நிரல்கள் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன. ஆகவே கற்றுத்தரும் எடுத்துக்காட்டில் அடைப்புக்குறி இருப்பதே என் விருப்பம். இப்போது அது கட்டாயமில்லை என்பதை ஓரமாகச் சொன்னால் போதும். இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

அனுப்புவது

‘மேக் செக்’ கொடுத்து எழுத்துமுறைப் பிழைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மெயின் பிராஞ்சுக்குப் புல் ரிக்வெஸ்ட், அதாவது ‘என் திருத்தத்தைச் சேருங்கள்’ என்ற கோரிக்கை. புதுப் பதிப்பின் பிராஞ்சுக்கு நேராக அனுப்பாதீர்கள். மெயினில் சேர்ந்ததும், அதற்கான லேபிளைக் கோர் டெவலப்பர் ஒருவர் போட்டால், பாட் (தானியங்கி நிரல்) ஒன்று பேக்போர்ட்டை, அதாவது அந்தப் பதிப்பின் பிராஞ்சுக்கும் அதே திருத்தத்தைக் கொண்டுபோவதை, பார்த்துக்கொள்ளும். முதல்முறை என்றால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லும், இணையத்திலேயே முடிந்துவிடும். எழுத்துப்பிழை போன்ற சில்லறைத் திருத்தத்துக்குத் தனியாக இஷ்யூ (பிரச்சினைப் பதிவு) திறக்கவேண்டாம். ஃபைனலி மாதிரியான மாற்றத்துக்கு, அந்த அம்சத்துக்கென்று ஏற்கெனவே இருக்கும் இஷ்யூ எண்ணைத் தலைப்பில் போடுங்கள். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் முன்னோட்டப் பக்கம் ஒன்று தானாகக் கட்டப்படும். மதிப்பாய்வாளர் பார்ப்பதற்கு முன் நீங்கள் அதைப் போனில் திறந்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு விஷயம் மட்டும். என் முதல் முயற்சியில் நான்கு அத்தியாயத் திருத்தங்களை ஒன்றாகக் கட்டி அனுப்பினேன், கூடவே நீளமான வரிகளையெல்லாம் மடித்து அழகுபடுத்தினேன். எது திருத்தம், எது அலங்காரம் என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. பிரித்து அனுப்பச் சொன்னார்கள், பிரித்தேன். அழகுபடுத்தியதை யாரும் ஏற்கவில்லை.

அழகுக்காக வாக்கியத்தைத் தொடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டுடோரியல் பல மொழிகளில் இருக்கிறது. பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியன் எல்லாம் பல ஆண்டுகளாக அதிகாரபூர்வமாக வெளிவருகின்றன. அதிகாரபூர்வ மொழிப் பட்டியில் ஒரு மொழி இடம்பெற டுடோரியல் முழுதாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கவேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வொரு பத்தியும் ஓர் அலகு. நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு கமாவை நகர்த்தினாலும் அந்தப் பத்தி முழுவதும் எல்லா மொழிகளிலும் ‘சரிபார்க்கவேண்டியது’ என்று குறியாகிவிடும், அதுவரை வாசகர் திரையில் அந்தப் பத்தி ஆங்கிலத்திலேயே வரும். உங்களுக்கு ஒரு கமா. எங்கோ டோக்கியோவில் ஒருவருக்கு அரைமணி நேரம்.

அக்டோபரில் ரிலீஸ் வந்துவிட்டதே, தவறவிட்டோமே என்றால் கவலையில்லை. ஆவணங்கள் ரிலீஸுக்குப் பிறகும் தொடர்ந்து கட்டப்படுகின்றன. நவம்பரில் சேரும் திருத்தமும் அந்தப் பதிப்பின் பக்கத்தில் தெரியும். சொல்லப்போனால் எனக்கு நல்ல திருத்தங்கள் கிடைத்தது நவம்பரில்தான். புதிதாகக் கற்கத் தொடங்கிய யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தட்டச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.